விளக்கை அணைத்ததற்கு அப்பால்: உமர் பின் அப்துல் அஸீஸின் ஆட்சி

உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவது விளக்குக் கதைதான். இரவில் அரச அலுவல் பார்த்துக்கொண்டிருந்த கலீபாவிடம் ஒருவர் வந்து, குடும்பத்தாரின் நலம் விசாரிக்கிறார். உடனே கலீபா பைத்துல் மாலின் எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டு, தனது சொந்த விளக்கைக் கொண்டுவரச் சொல்கிறார். குர்ஆன் மத்ரஸாவிலும் பாடசாலைக் காலைக்கூட்டத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. நானும் வகுப்பறையில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். பெரியவர்களுக்கும் பிடிக்கும், ஏனென்றால் அந்தக் கதையில் யாருக்கும் பெரிதாக நட்டம் எதுவும் இல்லை. ஒரு விளக்கின் எண்ணெய்க்கு என்ன விலை வந்துவிடப் போகிறது?

விலை கூடிய முடிவுகள் அவருடைய வாழ்க்கையில் வேறு இருந்தன. சொந்தக் குடும்பத்தாரின் காணி உறுதிகளை வெட்டிப்போட்டார். வருமானம் குறையும் என்று தெரிந்தே ஒரு வரியை நிறுத்தினார். தனது படை பிடித்த நகரத்து மக்கள் அந்தப் படைக்கு எதிராகவே வழக்காட வழி செய்தார். இவற்றை நாம் அதிகம் பேசுவதில்லை. பொது நிருவாகத்தில் நேர்மை என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவரது பெயரை எடுத்தாளும் நாம், அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை ஒரு தடவை முழுமையாகப் பார்ப்பது நல்லது.

ஹிஜ்ரி 60களின் தொடக்கத்தில், அதாவது கி.பி. 680ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் பிறந்தார். தந்தை அப்துல் அஸீஸ், உமையா வம்சத்துக் கலீபா மர்வானின் மகன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எகிப்தை ஆண்ட ஆளுநர். தாய் உம்மு ஆஸிம், கலீபா உமர் பின் கத்தாப் (ரழி) அவர்களின் பேத்தி. பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாய்க்கு மறுத்துப் பேசிய ஏழைப் பெண்ணைக் கலீபா உமர் (ரழி) தன் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்த செய்தி நமக்குத் தெரியும். அந்தத் தம்பதியரின் மகள்தான் உம்மு ஆஸிம். ஆக, ஒரு பக்கம் அரச குடும்பத்துச் செல்வம். மறுபக்கம் பால் விற்ற வீட்டின் நேர்மை.

இளமையில் முதலாவதுதான் அவரிடம் மேலோங்கி நின்றது என்று சொல்ல வேண்டும். கல்விக்காக மதீனாவுக்கு அனுப்பப்பட்ட அவரை ஸாலிஹ் பின் கைஸான் என்ற அறிஞர் கவனித்து வந்தார். ஒரு நாள் பையன் ஜமாஅத்துத் தொழுகைக்குத் தாமதமாக வந்தார். காரணம் கேட்டபோது, தலை வாரி முடிய நேரமாகிவிட்டது என்றார். ஆசிரியர் இதை எகிப்திலிருந்த தந்தைக்கு எழுதினார். ஆளுநர் உடனே ஆளனுப்பி மகனின் தலையை மழிக்கச் செய்தார். ஆசிரியரின் முறைப்பாட்டைக் கேட்டவுடன் ஆசிரியர்மீது கோபப்படாத தந்தை என்பதற்காகவே எனக்கு அந்த ஆளுநர்மீது ஒரு மதிப்பு உண்டு.

வாலிபராகிய பின்னும் உமரின் ஆடை, வாசனைத் திரவியம், நடை எல்லாம் ஊர் பேசும் அளவுக்கு இருந்தன. அவர் நடக்கும் பாணியைப் பெண்கள் பழகிப் பார்த்தார்கள் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். தந்தை வபாத்தான பின் பெரிய தந்தையாரான கலீபா அப்துல் மலிக் அவரைத் திமஷ்குக்கு அழைத்து, தன் மகள் பாத்திமாவை மணமுடித்து வைத்தார். பாத்திமா சாதாரண பெண்ணல்லர். தந்தை கலீபா, கணவர் கலீபா, வலீத், ஸுலைமான், யஸீத், ஹிஷாம் என்று நான்கு சகோதரர்களும் கலீபாக்கள். இந்தப் பெண்மணியைக் கட்டுரையின் கடைசியில் மீண்டும் சந்திப்போம்.

ஹிஜ்ரி 87இல் (கி.பி. 706), இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க உமரைக் கலீபா வலீத் மதீனாவின் ஆளுநராக நியமித்தார். அங்கு போனதும் அவர் செய்த முதல் வேலை கவனிக்கத்தக்கது. உர்வா பின் ஸுபைர், காஸிம் பின் முஹம்மத், ஸாலிம் பின் அப்துல்லாஹ் உட்பட மதீனாவின் பத்து அறிஞர்களை அழைத்தார். உங்கள் ஆலோசனை இல்லாமல் எந்த முடிவும் எடுக்க மாட்டேன் என்று சொன்னார். எனது உத்தியோகத்தர் யாராவது அநியாயம் செய்வதைக் கண்டால், அல்லது கேள்விப்பட்டால், எனக்கு அறிவிக்காமல் இருந்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். மேலதிகாரி தன் கீழுள்ளவர்களைக் கண்காணிக்கும்படி வெளியாரை வேண்டிக்கொள்வது அக்காலத்தில் மட்டுமல்ல, எக்காலத்திலும் அபூர்வம்தான். அன்று இராக்கில் ஹஜ்ஜாஜ் பின் யூஸுபின் கொடுமை தாங்காமல் ஓடிவந்தவர்களுக்கு மக்காவும் மதீனாவும் புகலிடமாயின.

அதே மதீனாவில்தான் அவரது வாழ்க்கையின் கறையும் விழுந்தது. அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரழி) அவர்களின் மகன் குபைப் என்பவரைத் தண்டிக்கும்படி கலீபா வலீத் கட்டளை அனுப்பினார். சாட்டையடி கொடுக்க வேண்டும். குளிர்காலத்தில் தலையில் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும். பள்ளிவாசல் வாயிலில் நிறுத்த வேண்டும். கட்டளை மேலிடத்திலிருந்து வந்தது. ஆளுநர் நிறைவேற்றினார். குபைப் இறந்துவிட்டார்.

தபரி போன்ற வரலாற்றாசிரியர்கள் இச்சம்பவத்தை மறைக்கவில்லை. நமது மேடைகளில்தான் இது சொல்லப்படுவதில்லை. சொல்லாமல் விட்டால் உமரின் பிற்கால வாழ்க்கை பாதிதான் விளங்கும். மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்வது என்று கையை விரிக்கும் வசதி அவருக்கு இருந்தது. அந்த வசதியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தன்னுடைய நற்செயல்களை யாராவது புகழ்ந்தால், குபைபின் விடயத்தில் நான் எப்படித் தப்புவேன் என்று கேட்பவராகவே கடைசிவரை இருந்தார் என்று எழுதப்பட்டுள்ளது. பிற்காலத்தில் கலீபாவானபோது, தன்னிடம் கேட்காமல் யாருக்கும் அங்கம் வெட்டும் தண்டனையோ சிலுவைத் தண்டனையோ கொடுக்கக் கூடாது என்று ஆளுநருக்கு எழுதினார். அந்த வரியை எழுதும்போது அவர் மனதில் யார் வந்திருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஹிஜ்ரி 93இல் அவரது பதவி பறிபோனது. ஹஜ்ஜாஜின் அநியாயங்களைப் பற்றி உமர் கலீபாவுக்கு எழுதியிருந்தார். ஹஜ்ஜாஜும், இராக்கின் கலகக்காரர்களுக்கு மதீனா இடம் கொடுக்கிறது என்று பதிலுக்கு எழுதினார். கலீபாவுக்கு வருமானம் தேடித்தந்தவர் ஹஜ்ஜாஜ். எனவே போக வேண்டியவர் உமரானார். நேர்மையான அதிகாரி இடமாற்றம் பெறும் இந்தக் கதை நமக்கொன்றும் புதிதல்ல.

அடுத்த கலீபா ஸுலைமான், ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) வட சிரியாவின் தாபிக் என்ற இடத்தில் மரணப் படுக்கையில் கிடந்தார். வாரிசாக நினைத்திருந்த மகன் முன்னரே இறந்துவிட்டார். மற்றவர்களில் சிலர் சிறுவர்கள், ஒருவர் கொன்ஸ்தாந்திநோபிள் முற்றுகையில். ரஜா பின் ஹைவா என்ற அறிஞரின் ஆலோசனைப்படி உமரின் பெயரை எழுதி முத்திரையிட்டார் ஸுலைமான். சகோதரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால், உமருக்குப் பின் யஸீத் பின் அப்துல் மலிக் என்றும் அதே கடிதத்தில் சேர்க்கப்பட்டது. உள்ளே இருக்கும் பெயர் யாருடையது என்று தெரியாமலேயே அரச குடும்பம் பைஅத் செய்தது. ஸுலைமான் இறந்ததும் கடிதம் வாசிக்கப்பட்டது. ஹிஷாம் எதிர்த்துப் பார்த்தார், நடக்கவில்லை. உமரோ, தலையில் இடி விழுந்தவர்போல் இருந்த இடத்திலிருந்து எழும்ப முடியாமல் கிடந்தார்.

அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது புதிய கலீபாவுக்காக அரச குதிரைகள் அணிவகுத்து நின்றன. தனக்குத் தன் சொந்த வாகனம் போதும் என்றார். குதிரைகள், கூடாரங்கள், விரிப்புகள் எல்லாம் விற்கப்பட்டுப் பைத்துல் மாலில் சேர்ந்தன. பல நாள் கண் விழித்த களைப்பில் பகலில் சற்று உறங்கப் போனார். அவரது மகன் அப்துல் மலிக் வந்தார். பதின்ம வயதைத் தாண்டாத இளைஞர் என்கிறார்கள். அநியாயமாகப் பறிக்கப்பட்டவற்றைத் திருப்பிக் கொடுக்காமல் உறங்கப் போகிறீர்களா என்று கேட்டார். ளுஹருக்குப் பின் பார்க்கிறேன் என்றார் தந்தை. ளுஹர்வரை உயிரோடு இருப்பீர்கள் என்று யார் பொறுப்பு என்றார் மகன். தந்தை எழுந்து மகனை அணைத்துக்கொண்டு வெளியே போனார்.

உமையாக்கள் பல பத்து ஆண்டுகளாக அரச காணிகளையும் பிறரது காணிகளையும் நன்கொடை என்ற பெயரில் தமக்குள் பங்கிட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் உறுதிகள் இருந்தன. சட்டப்படி எழுதப்பட்ட, முத்திரையிட்ட உறுதிகள். உமர் முதலில் கை வைத்தது தனது சொந்த உறுதிகளில். அவரது நம்பிக்கைக்குரிய முஸாஹிம் ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுக்க, கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிப் போட்டார். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பொதுத் தேவைக்கு விடப்பட்டிருந்த பதக் நிலம் மர்வான் வழியாக அவருக்கு வந்திருந்தது. அதைப் பழைய நிலைக்கே திருப்பினார். மோதிரத்துக் கல்லைக்கூட, அது வலீதிடமிருந்து முறையின்றி வந்தது என்று கழற்றிக் கொடுத்தார் என்பார்கள்.

பிறகு வீட்டுக்குள் போனார். மனைவி பாத்திமாவிடம் தந்தை அப்துல் மலிக் கொடுத்த விலைமதிப்பற்ற ஆபரணம் இருந்தது. ஒன்றில் அதைப் பைத்துல் மாலில் சேருங்கள், அல்லது நாம் பிரிந்துவிடுவோம், அதுவும் நானும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று சொன்னார். பாத்திமா ஆபரணத்தைக் கொடுத்தார்.

அதன் பின்னர்தான் மற்ற உறவினர்களின் முறை வந்தது. இந்த ஒழுங்கு முக்கியமானது என்று நினைக்கிறேன். அடுத்தவரிடமிருந்து தொடங்கியிருந்தால் அது பழிவாங்கலாகப் போயிருக்கும். தன்னிடமிருந்து தொடங்கியதால் உறவினர்களுக்குப் பேச வார்த்தை இல்லாமல் போனது. ஆனாலும் பேசினார்கள். எல்லோரும் மதிக்கும் மாமி பாத்திமா பின்த் மர்வானைத் தூதனுப்பினார்கள். மாமியை மரியாதையோடு உட்கார வைத்த உமர், ஒரு நாணயத்தையும் ஓர் இறைச்சித் துண்டையும் கொண்டுவரச் சொன்னார். நாணயத்தை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி இறைச்சியின்மேல் போட்டார். அது பொரிந்து புகைந்தது. உங்கள் சகோதரர் மகனை இதிலிருந்து காப்பாற்ற விரும்ப மாட்டீர்களா என்று கேட்டார். மாமி திரும்பிப் போய், உமர் பின் கத்தாபின் வீட்டில் பெண் எடுத்துவிட்டு இப்போது முறையிட்டு என்ன பயன் என்று உறவினரையே கடிந்தார்.

காணியோடு நிற்கவில்லை. அரச நிருவாகத்தின் அடி மட்டத்தில் மக்கள் படும் சின்னச் சின்னத் தொல்லைகள் அவருக்குத் தெரிந்திருந்தன. கூபாவின் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தின் விபரம் தபரியில் இருக்கிறது. பாழ்பட்ட நிலத்துக்கு விளைந்த நிலத்தின் வரியை அறவிடக் கூடாது. விளைந்த நிலத்திலும் தாங்கக்கூடியதையே எடுக்க வேண்டும். நாணயம் அடிப்போருக்கான கூலி, நவ்ரூஸ், மிஹ்ரஜான் பண்டிகை அன்பளிப்பு, கடிதத் தாளின் விலை, வீட்டு வாடகை, திருமணத்துக்கென ஒரு திர்ஹம் இவையெல்லாம் இனி வேண்டாம். ஒரு விவசாயி வரி செலுத்தப் போனால், அவனுக்குப் பற்றுச்சீட்டு எழுதும் தாளின் காசையும் அவனிடமே வாங்கியிருக்கிறார்கள்! 1,300 ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பட்டியலை வாசிக்கும்போது அதை எழுதியவர் அரண்மனைக்குள்ளேயே வாழ்ந்தவர் என்பதை நம்ப முடியவில்லை.

ஆளுநர்கள் தாம் ஆளும் பிரதேசத்தில் வியாபாரம் செய்யக் கூடாது என்று தடை விதித்தார். அதிகாரி கடை வைத்தால் விலையை நிர்ணயிப்பது சந்தையல்ல, பயம்தான் என்பது அவருக்குத் தெரியும். அதேவேளை உத்தியோகத்தர்களுக்குத் தாராளமாகச் சம்பளம் கொடுத்தார், தான் எடுக்கவில்லை. யாரோ அன்பாக அனுப்பிய அப்பிள் பழங்களைத் திருப்பி அனுப்பினார். நபி (ஸல்) அன்பளிப்பை ஏற்றார்களே என்று கேட்டவருக்கு, அவர்களுக்கு அது அன்பளிப்பு, நமக்கு அது இலஞ்சம் என்று விளக்கினார். இன்னொரு முறை, மனைவி பாத்திமா தேன் வாங்குவதற்காக அரச தபால் சேவையின் வாகனத்தில் ஆளனுப்பிவிட்டார். தேன் நன்றாக இருக்கிறதே, எங்கிருந்து வந்தது என்று விசாரித்த உமருக்கு உண்மை தெரிந்தது. தேனை விற்கச் செய்து, மனைவி போட்ட முதலை அவரிடம் கொடுத்து, மீதியைத் தபால் விலங்குகளின் தீவனத்துக்கு ஒதுக்கினார். அரச வாகனத்தை வீட்டுத் தேவைக்கு ஓடவிடுவது பற்றி இதற்கு மேல் என்ன சுற்றறிக்கை வேண்டும்?

மெழுகுவர்த்திக் கதையும் உண்மையில் ஒன்று உண்டு. மதீனாவின் ஆளுநர் அபூபக்ர் பின் ஹஸ்ம், முன்னைய ஆளுநர்களுக்குக் கிடைத்ததுபோல இரவில் வெளியே செல்ல மெழுகுவர்த்திச் செலவு வேண்டும் என்றும் எழுதுவதற்குத் தாள் வேண்டும் என்றும் விண்ணப்பித்தார். பதவிக்கு வருமுன் நீங்கள் மழைக்கால இருட்டில் விளக்கில்லாமல்தானே பள்ளிக்குப் போனீர்கள் என்று நினைவூட்டிய உமர், எழுதுகோலைக் கூராக்கி எழுத்தைச் சிறிதாக்கி, பல விடயங்களை ஒரே தாளில் அடக்கும்படி பணித்தார். அதே அபூபக்ர் பின் ஹஸ்மிடம்தான், அறிவு அழிந்துவிடும் என்ற அச்சத்தில், நபிமொழிகளைத் தேடி எழுதும்படியும் கேட்டார். எதற்குத் தாள் செலவழிக்கலாம் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

பெரிய மனிதர்களைத் தொட்டதற்கு ஓர் உதாரணம் யஸீத் பின் முஹல்லப். இராக்கையும் குராஸானையும் ஆண்ட இவர், ஜுர்ஜானை வெற்றி கொண்டபோது பைத்துல் மாலுக்குரிய ஐந்தில் ஒரு பங்கு மில்லியன் கணக்கான திர்ஹம்கள் சேர்ந்துள்ளதாகக் கலீபா ஸுலைமானுக்குப் பெருமையாக எழுதினார். தொகையைக் குறிப்பிட வேண்டாம், எழுதினால் பதிவேட்டில் நின்றுவிடும் என்று அவரது எழுத்தர் எச்சரித்தார். அவர் கேட்கவில்லை. உமர் வந்ததும் அந்தப் பதிவேட்டை எடுத்துப் பணம் எங்கே என்று கேட்டார். பெயருக்காகக் கூட்டி எழுதினேன், ஸுலைமான் கேட்க மாட்டார் என்று தெரியும் என்றார் யஸீத். இது முஸ்லிம்களின் உரிமை, விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரமில்லை என்று கூறி அவரைச் சிறையில் அடைத்தார் உமர்.

இனி வரி விடயத்துக்கு வருவோம். எனது பார்வையில் அவரது ஆட்சியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஜிஸ்யா முஸ்லிமல்லாதோர் செலுத்திய வரி. ஆனால் இஸ்லாத்தைத் தழுவிய பிறகும் குராஸான், எகிப்து போன்ற இடங்களில் அந்த வரி தொடர்ந்து வாங்கப்பட்டது. காரணம் எளிது: எல்லோரும் முஸ்லிமானால் கஜானா காலியாகிவிடும். குராஸானிலிருந்து வந்த ஒரு தூதுக்குழுவில் அரபியல்லாத ஒருவர் இருந்தார். இருபதாயிரம் பேர் சம்பளமின்றிப் படையில் போரிடுகிறோம், அதே அளவினர் முஸ்லிமான பிறகும் வரி கட்டுகிறார்கள் என்று அவர் முறையிட்டார். உமர் உடனே ஆளுநர் ஜர்ராஹுக்கு எழுதினார். வரி நீங்கியதும் மக்கள் திரளாக இஸ்லாத்தில் நுழைந்தார்கள். ஜர்ராஹுக்குச் சந்தேகம், கத்னா செய்திருக்கிறார்களா என்று சோதிக்கலாமா எனக் கேட்டார். அல்லாஹ் முஹம்மத் (ஸல்) அவர்களை அழைப்பாளராக அனுப்பினான், கத்னா செய்பவராக அல்ல என்ற பொருளில் பதில் வந்தது. கொஞ்ச நாளில் பதவி நீக்கமும் வந்தது. எகிப்திலிருந்து வருமானம் விழுகிறது என்று முறையிட்ட அதிகாரிக்கும், நபியவர்கள் வரி வசூலிப்பவராக அனுப்பப்படவில்லை என்றே பதில் போனது.

விளக்கை அணைப்பதால் மிச்சமாவது சில துளி எண்ணெய். இந்தக் கடிதங்களால் கஜானாவுக்கு ஏற்பட்ட இழப்பு மிகப் பெரியது. இழப்பைத் தெரிந்துகொண்டே எழுதினார். வருமானத்துக்காக ஓர் அநீதியை இன்னும் ஓராண்டு நீடிக்க விடுவோம் என்று அவர் கணக்குப் போடவில்லை.

ஸமர்கந்த் வழக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குதைபா பின் முஸ்லிம் என்ற தளபதி ஏமாற்றித் தம் நகரைப் பிடித்ததாக அந்நகர மக்கள், முஸ்லிமல்லாத மக்கள், கலீபாவிடம் முறையிட்டார்கள். குதைபா அப்போது உயிரோடு இல்லை. நகரமோ கையிலிருக்கிறது. எந்த அரசாங்கமும் கோப்பை மூடியிருக்கும். உமர், ஒரு காழியை நியமித்து விசாரிக்கச் சொன்னார். முஸ்லிம் படை நகரை விட்டுத் தன் பாசறைக்குத் திரும்ப வேண்டும், பின்னர் முறைப்படி உடன்படிக்கையோ யுத்தமோ நடக்கட்டும் என்று காழி தீர்ப்பளித்தார். மீண்டும் ஒரு யுத்தம் வேண்டாம், இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று ஸமர்கந்த் மக்களே சொல்லிவிட்டார்கள். திமஷ்கில் வலீத் பள்ளிவாசலோடு சேர்த்துக்கொண்ட யோவான் தேவாலயத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் முறையிட்டபோதும், திருப்பிக் கொடுக்கவே உமர் உத்தரவிட்டார். ஊர் முஸ்லிம்கள் கொதித்தார்கள். கடைசியில், நகரைச் சூழவுள்ள பிற தேவாலயங்கள் கிறிஸ்தவர்களுக்கே உறுதி செய்யப்பட்டு இரு தரப்பும் இணங்கின.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிற சமயத்தவரின் உடை, சவாரி, அரச பதவிகள் பற்றிய சில கட்டுப்பாடுகளும் உமரின் பெயரில் பதிவாகியுள்ளன. அவற்றில் எவை அவருடையவை, எவை பிற்காலத்தில் அவர்மீது ஏற்றப்பட்டவை என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். சிறுபான்மையாக வாழும் நாம் ஸமர்கந்த் வழக்கை மட்டும் வாசித்துவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது நேர்மையாகாது.

மற்றச் சீர்திருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கொன்ஸ்தாந்திநோபிள் முற்றுகையில் பசியால் வாடிய படைக்கு உணவும் குதிரைகளும் அனுப்பித் திருப்பி அழைத்தார். திருடர் தொல்லை மிகுந்த மோஸுலில் சந்தேகத்தின் பேரில் பிடிக்கலாமா என்று கேட்ட ஆளுநருக்கு, சாட்சியின்றித் தண்டிக்க வேண்டாம் என்றார். சுவர் கட்டப் பணம் கேட்ட ஆளுநருக்கு, நகரை நீதியால் பலப்படுத்தச் சொன்னார். அநியாயத்தை முறையிட வருவோருக்கு வழிச்செலவு தருவதாக ஹஜ் காலத்தில் அறிவித்தார். அலீ (ரழி) அவர்களை மிம்பரில் ஏசும் உமையா வழக்கத்தை நிறுத்தி, நீதியையும் நன்மையையும் ஏவும் சூரா நஹ்லின் வசனத்தை அந்த இடத்தில் ஓதச் செய்தார். நமது ஊர்ப் பள்ளிவாசல்களிலும் குத்பாவின் முடிவில் ஓதப்படும் வசனம் அதுவே. ஸகாத் வாங்க ஆளில்லாமல் போனது என்ற செய்தியும் பிரபலமானது. அந்தச் சிறிய காலத்தில் பேரரசு முழுவதும் வறுமை நீங்கியது என்று அதை நீட்டிச் சொல்வது மிகை. அநியாயமாகப் பிடுங்குவதை நிறுத்தியதும் மக்கள் கையில் காசு தங்கியது என்பதே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

ஹிஜ்ரி 101 ரஜபில் (கி.பி. 720 பெப்ரவரி) அவர் வபாத்தானார். வயது நாற்பதைத் தொடவில்லை. ஆண்டது இரண்டு வருடமும் ஐந்து மாதமும். உறவினர் தூண்டுதலில் பணியாள் நஞ்சிட்டதாகவும், அவன் வாங்கிய ஆயிரம் தீனாரைப் பைத்துல் மாலில் சேர்த்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விடு என்று அவனை அனுப்பியதாகவும் செய்திகள் உள்ளன. மகன் அப்துல் மலிக்கும், சகோதரர் ஸஹ்லும், முஸாஹிமும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். கத்தரிக்கோலுக்கு உறுதி வாசித்துக் கொடுத்தவரும் இல்லை, உறக்கத்திலிருந்து எழுப்பியவரும் இல்லை. மஅர்ரத்துந் நுஃமானுக்கு அருகிலுள்ள தைர் ஸிம்ஆனில், சொந்தப் பணத்தில் வாங்கிய சிறு துண்டு நிலத்தில் அவரை அடக்கினார்கள்.

அடுத்து வந்தவர், அந்த முத்திரையிட்ட கடிதத்திலேயே பெயர் இருந்த யஸீத் பின் அப்துல் மலிக். உமர் எவ்வளவோ மாற்றினார். அந்தக் கடிதத்தின் இரண்டாவது பெயரை மாற்ற முடியவில்லை, அல்லது மாற்ற நேரம் கிடைக்கவில்லை. அவரது ஆட்சி ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடமுள்ள பதில் இதுதான். நல்ல உத்தரவுகள் இருந்தன. அந்த உத்தரவுகளை அடுத்தவர் மீறாதபடி காக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. எல்லாம் ஒரே மனிதரின் இறையச்சத்தில் தங்கியிருந்தன. சிறிது காலத்தில் ஆளுநர்கள் மாற்றப்பட்டார்கள், நிறுத்தப்பட்ட வரிகள் திரும்பி வந்தன. முஹல்லபின் மகன் சிறையிலிருந்து தப்பிக் கிளர்ச்சி செய்து கொல்லப்பட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, கி.பி. 750இல், உமையா ஆட்சியைக் கவிழ்த்த அப்பாஸியர்கள் அந்த வம்சத்துக் கலீபாக்களின் கபுர்களைத் தோண்டினார்கள். உமரின் கபுரைத் தொடவில்லை.

யஸீத் பதவிக்கு வந்தவுடன் செய்தவற்றுள் ஒன்று, தன் சகோதரி பாத்திமாவுக்கு ஆளனுப்பியது. அந்த ஆபரணம் பைத்துல் மாலில் அப்படியே இருந்தது. உமர் உங்களிடம் அநியாயமாக வாங்கிவிட்டார், வேண்டுமென்றால் திருப்பித் தருகிறேன் என்றார். கணவர் விட்டுச் சென்றது சில தீனார்கள்தான். அவர் உயிரோடு இருந்தபோது மனம் விரும்பிக் கொடுத்ததை, அவர் போன பிறகு திரும்ப எடுக்க மாட்டேன் என்று பாத்திமா மறுத்துவிட்டார். யஸீத் அதை எடுத்துத் தன் குடும்பத்தாருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்.